‘ஒன்லி’யை எங்கே வைப்பது?
வணிகருக்கு வேண்டிய ஆங்கிலம்



காசோலையில் தொகையை எழுத்தால் எழுதி முடித்ததும் கை தானாக ‘ஒன்லி’ என்று எழுதிவிடுகிறது. பில்லின் அடியில் அச்சடித்த வாசகத்தில் ஒரு ‘ஒன்லி’ இருக்கிறது. வெளியூருக்கு எழுதும் கடிதத்தில் இரண்டு, மூன்று ‘ஒன்லி’ வந்துவிடுகின்றன. கடைப் பலகையில் ‘ஹோல்சேல் ஒன்லி’ என்று எழுதி வைத்திருக்கிறோம். இவ்வளவு முறை எழுதும் சொல்லாக இருந்தும், அது எந்த இடத்தில் நின்றால் என்ன பொருள் தரும் என்று நின்று யோசிப்பவர்கள் குறைவு.

நம்மில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்போடு கல்லாவுக்கு வந்தவர்கள். உள்ளூர் வியாபாரம் தமிழிலேயே நடந்துவிடும். ஆனால் குண்டூர் மிளகாய்க்கும், கலபுரகி துவரம் பருப்புக்கும், கோலாப்பூர் வெல்லத்துக்கும் எழுதும்போது ஆங்கிலத்தைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அன்று இன்லண்ட் கடிதத்தில் எழுதினோம். இன்று கைப்பேசியில் எழுதுகிறோம். எதில் எழுதினாலும் எழுத்தில் போனது எழுத்தில்தான் நிற்கும். தகராறு என்று வந்தால் நாம் மனதில் நினைத்தது எடுபடாது. தாளில் இருப்பதைத்தான் எதிர்த்தரப்பு காட்டும். ஆகவே இந்த ஒரு சொல்லைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அது ஒரு வேலி

‘ஒன்லி’ என்பது ‘ஒன்’, அதாவது ஒன்று, என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ‘இது ஒன்றுதான், வேறு இல்லை’ என்பது அதன் அடிப்படைப் பொருள். ஒரு சொல்லைச் சுற்றி வேலி போட்டு, மற்றதையெல்லாம் வெளியே நிறுத்துவதுதான் அதன் வேலை.

தமிழில் இந்த வேலியை ‘மட்டும்’, ‘தான்’, ‘ஏ’ ஆகியவற்றால் போடுகிறோம். இவை எப்போதும் சொல்லுக்குப் பின்னால் வரும். ‘பத்து மூட்டை மட்டும்’, ‘நாளைதான்’, ‘அவரே’ என்கிறோம். பின்னால் ஒட்டிக்கொள்வதால் எந்தச் சொல்லுக்கு வேலி என்பதில் குழப்பம் வருவதில்லை.

ஆங்கிலத்தில் முழு வாக்கியம் எழுதும்போது ‘ஒன்லி’ பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் வரும். ‘பத்து மூட்டை மட்டும்’ என்பது ‘ஒன்லி டென் பேக்ஸ்’ ஆகும். நாம் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவதால் வேலியைப் பின்னாலேயே போட்டுவிடுகிறோம். தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகின்றன.

ஒரே வாக்கியம், நான்கு பொருள்

‘வீ சப்ளை ரைஸ் டு ஹோட்டல்ஸ்’ என்று ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘நாங்கள் ஓட்டல்களுக்கு அரிசி கொடுக்கிறோம்’ என்பது பொருள். இதில் ‘ஒன்லி’யை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள்.

1. ‘ஒன்லி வீ சப்ளை ரைஸ் டு ஹோட்டல்ஸ்.’ ஓட்டல்களுக்கு அரிசி கொடுப்பவர்கள் நாங்கள் மட்டுமே. ஊரில் வேறு யாரும் இல்லை.

2. ‘வீ ஒன்லி சப்ளை ரைஸ் டு ஹோட்டல்ஸ்.’ கொடுப்பது மட்டுமே எங்கள் வேலை; இறக்கி அடுக்குவது எங்கள் பொறுப்பு அல்ல.

3. ‘வீ சப்ளை ஒன்லி ரைஸ் டு ஹோட்டல்ஸ்.’ ஓட்டல்களுக்கு அரிசி மட்டுமே கொடுக்கிறோம். பருப்பு, எண்ணெய் கிடையாது.

4. ‘வீ சப்ளை ரைஸ் ஒன்லி டு ஹோட்டல்ஸ்.’ அரிசியை ஓட்டல்களுக்கு மட்டுமே கொடுக்கிறோம். சில்லறைக் கடைக்கும் வீட்டுக்கும் இல்லை.

சொற்கள் ஒன்றும் மாறவில்லை. ஒரு சொல் நகர்ந்ததால் வியாபாரமே மாறிவிட்டது. மூன்றாவது வாசகத்தை விளம்பரத்தில் படிக்கும் ஓட்டல்காரர் பருப்புக்கு வேறு இடம் தேடிப் போவார். நான்காவதைப் படிக்கும் சில்லறைக் கடைக்காரர் நம் கடைப் படியே ஏற மாட்டார். நாம் சொல்ல வந்தது எது என்று அவர்கள் தேடி வந்து விசாரிக்கப் போவதில்லை.

ஆங்கிலேயர்கள் பேச்சில் பெரும்பாலும் ‘ஒன்லி’யை வினைச்சொல்லுக்கு முன்னால் போட்டுவிட்டு, வேலி விழ வேண்டிய சொல்லைக் குரலால் அழுத்திச் சொல்வார்கள். அதனால் இரண்டாவது வாசகம் அவர்கள் வாயில் நான்கில் எந்தப் பொருளையும் தரக்கூடும். கேட்பவருக்குக் குரல் வழிகாட்டும். கடிதத்துக்குக் குரல் கிடையாது. ஆகவே எழுதும்போது விதி ஒன்றே: எந்தச் சொல்லுக்கு வேலியோ, அதற்கு நேர் முன்னால் ‘ஒன்லி’யை வையுங்கள்.

நடுவில் மாட்டிக்கொண்ட ‘ஒன்லி’க்கு ஓர் எடுத்துக்காட்டு: ‘ஸெண்ட் டென் பேக்ஸ் ஒன்லி டுடே.’ இது ‘பத்து மூட்டை மட்டும் இன்று அனுப்புங்கள்’ என்பதா, ‘பத்து மூட்டையை இன்றைக்குத்தான் அனுப்ப வேண்டும்’ என்பதா? இரண்டு பக்கமும் பார்த்து நிற்கிறது. ‘ஸெண்ட் ஒன்லி டென் பேக்ஸ் டுடே’ என்று எழுதினால் பத்துக்கு மேல் வராது. சரக்கு விலை இறங்கிக்கொண்டிருக்கும் வாரத்தில் இந்த வித்தியாசத்துக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாத் ‘தான்’களும் ‘ஒன்லி’ அல்ல

தமிழில் ‘தான்’ பல வேலைகளைச் செய்கிறது. எல்லாவற்றுக்கும் ‘ஒன்லி’ போடுவது நம் பக்கத்தில் ஊறிப்போன பழக்கம். நமக்குள் பேசிக்கொள்ளும்போது புரிந்துவிடும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கேட்கும் வேற்று மொழிக்காரருக்குப் புரியாமல் போகலாம், மாறாகவும் புரியலாம். ‘தான்’ செய்யும் மூன்று வேலைகளைத் தனித்தனியே பார்ப்போம்.

முதலாவது, எல்லை கட்டும் ‘தான்’. ‘என்னிடம் இருபது மூட்டைதான் இருக்கிறது.’ இங்கே ‘தான்’ இருக்கும் இடத்தில் ‘மட்டும்’ போட்டாலும் பொருள் மாறாது. எனவே ‘ஒன்லி’ சரி: ‘ஐ ஹாவ் ஒன்லி ட்வென்ட்டி பேக்ஸ்.’

இரண்டாவது, உறுதி சொல்லும் ‘தான்’. ‘இது புதுச் சரக்குதான்’ என்று வாங்குபவருக்கு உறுதி சொல்கிறோம். அதை ‘திஸ் இஸ் நியூ ஸ்டாக் ஒன்லி’ என்று எழுதினால், ‘வெறும் புதுச் சரக்குதான்’ என்று இளக்காரமாகவும் படிக்கலாம். ‘திஸ் இஸ் நியூ ஸ்டாக்’ என்று எழுதினால் போதும். அழுத்தம் வேண்டுமானால் ‘திஸ் இஸ் டெஃபனிட்லி நியூ ஸ்டாக்’ என்று எழுதலாம். ‘மதுரையிலிருந்துதான் பேசுகிறேன்’ என்பதற்கும் ‘ஒன்லி’ வேண்டாம். ‘ஐ ஆம் ஸ்பீக்கிங் ஃப்ரம் மதுரை’ போதும்.

ஆளைச் சுட்டிக் காட்டும் ‘தான்’ இதே வகை. ‘உங்கள் டிரைவர்தான் பணத்தை வாங்கினார்’ என்பதை ‘யுவர் டிரைவர் ஒன்லி டுக் தி மனி’ என்று எழுதுகிறோம். படிப்பவர் இதை ‘உங்கள் டிரைவர் பணத்தை வாங்க மட்டுமே செய்தார்’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். சரியான வாசகம்: ‘இட் வாஸ் யுவர் டிரைவர் ஹூ டுக் தி மனி.’ பணம் கைமாறியதைப் பற்றிய கடிதத்தில் இதில் பிசகு இருக்கக் கூடாது.

மூன்றாவது, காலத்தைச் சொல்லும் ‘தான்’. ‘உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது.’ இங்கே ‘ஒன்லி’ பொருந்தும். ஆனால் காலச் சொல்லுக்கு முன்னால் வர வேண்டும்: ‘வீ ரிசீவ்ட் யுவர் லெட்டர் ஒன்லி எஸ்டர்டே.’ இதில் ‘இவ்வளவு தாமதமாக’ என்ற குறிப்பும் சேர்ந்தே போகிறது. ‘தி லாரி கேம் ஒன்லி ஆன் ட்யூஸ்டே’ என்றால் ‘செவ்வாய்க்கிழமைதான் லாரி வந்தது’. முன்பே வந்திருக்க வேண்டும் என்பது சொல்லாமல் சொல்லப்படுகிறது. தாமதத்தைச் சுட்டிக்காட்ட விரும்பாவிட்டால் ‘ஒன்லி’யை எடுத்துவிடுங்கள்.

ஆக, சோதனை எளிது. ‘தான்’ இருக்கும் இடத்தில் ‘மட்டும்’ போட்டுப் பாருங்கள். பொருள் மாறாவிட்டால் ‘ஒன்லி’ எழுதலாம். பொருள் மாறினால், அது காலச் சொல்லாக இருந்தாலொழிய ‘ஒன்லி’ வேண்டாம்.

ஒரே ஏஜெண்டா, வெறும் ஏஜெண்டா?

‘ஒன்லி’க்கு முன்னால் ‘தி’ சேர்ந்தால் அது ‘ஒரே’ என்ற பொருளைத் தரும். ‘வீ ஆர் தி ஒன்லி டீலர்ஸ் இன் விருதுநகர்’ என்றால் ‘விருதுநகரில் நாங்கள்தான் ஒரே டீலர்’. அந்தச் சின்ன ‘தி’யை விட்டுவிட்டு ‘வீ ஆர் ஒன்லி டீலர்ஸ்’ என்று எழுதினால் ‘நாங்கள் வெறும் டீலர்கள்தான்’ என்று ஆகிவிடும். தயாரிப்பாளர் நாங்கள் அல்ல, எங்களிடம் பொறுப்பு கேட்காதீர்கள் என்று ஒதுங்கும்போது இரண்டாவது வாசகம் பொருத்தம். பெருமையாகச் சொல்ல வந்த இடத்தில் அதை அச்சடித்தால் நாமே நம் மதிப்பைக் குறைத்துக்கொண்டதாகும்.

தொகைக்குப் பின்னால் வரும் ‘ஒன்லி’

‘முன்னால் வர வேண்டும் என்கிறீர்களே, காசோலையில் பின்னால்தானே எழுதுகிறோம்?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வினைச்சொல் இல்லாத துண்டு வாசகங்களில் ‘ஒன்லி’ கடைசியில் வரும். ‘கேஷ் ஒன்லி’, ‘ஹோல்சேல் ஒன்லி’, மருந்துப் புட்டியில் ‘ஃபார் எக்ஸ்டெர்னல் யூஸ் ஒன்லி’ எல்லாம் இந்த வகை. முழு வாக்கியத்தில் முன்னால், துண்டு வாசகத்தில் பின்னால் என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு வராது.

காசோலையில் ‘ரூபீஸ் ஃபைவ் தௌசண்ட் ஒன்லி’ என்று எழுதுவதும், நம் பெரியவர்கள் பத்திரத்தில் ‘ரூபாய் ஐயாயிரம் மட்டும்’ என்று எழுதியதும் ஒரே காரணத்துக்காகத்தான். தொகை இங்கே முடிந்தது, இதற்குப் பின் எதையும் சேர்க்காதே என்பது அதன் பொருள். ‘ஒன்லி’ எழுதாத காசோலை செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை. அது நம் பாதுகாப்புக்காக நாம் போடும் வேலி. இலக்கத்தில் ‘5,000/-’ என்று கடைசியில் கோடு இழுப்பதும் அதே வேலைக்குத்தான்.

இங்கே கவனிக்க வேண்டியவை சில:

‘ஒன்லி’ பின்பக்கத்தை மட்டுமே அடைக்கிறது. ‘ஃபைவ் தௌசண்ட்’ என்பதற்கு முன்னால் இடம் விட்டிருந்தால் அங்கே ‘ட்வென்ட்டி’யைச் சேர்த்து இருபத்தையாயிரம் ஆக்கிவிடலாம். இலக்கத்திலும் 5க்கு முன்னால் ஒரு 2 போட்டுவிடலாம். எனவே ‘ரூபீஸ்’ என்ற அச்சு எழுத்தை ஒட்டியே தொடங்குங்கள். ‘ஒன்லி’க்குப் பின் மிஞ்சும் இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

பைசா இருந்தால் ‘ஒன்லி’ பைசாவுக்கும் பின்னால் வர வேண்டும். ‘ரூபீஸ் த்ரீ தௌசண்ட் டூ ஹண்ட்ரட் அண்ட் பைசா ஃபிஃப்டி ஒன்லி’ என்பதே சரி. ரூபாய்க்குப் பின் ஒரு முறை ‘ஒன்லி’ போட்டுவிட்டு அதன் பின் பைசாவை எழுதுவது, கதவைப் பூட்டிய பின் ஆளை உள்ளே விடுவது போன்றது.

எழுத்தில் உள்ள தொகையை இலக்கத்தைவிடக் கவனமாக எழுதுங்கள். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, எழுத்தும் இலக்கமும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையையே கொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் நடைமுறையில் இரண்டும் ஒத்துப்போகாத காசோலையை வங்கி திருப்பி அனுப்புவதே வழக்கம். காசோலையின் படத்தை வைத்துப் பணம் தீர்க்கும் இன்றைய சி.டி.எஸ். முறையில், தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு திருத்தத்துக்கு இடமில்லை. அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் பழைய வழக்கம் இனி உதவாது. புதுத் தாள் எடுத்து எழுதுங்கள்.

காசோலையின் மூலையில் இரண்டு கோட்டுக்கு நடுவே எழுதும் ‘அக்கவுண்ட் பேயீ ஒன்லி’யும் ஒரு வேலிதான். வெறும் இரண்டு கோடு மட்டும் போட்டால், பணம் ஏதாவது ஒரு வங்கிக் கணக்கு வழியாகப் போக வேண்டும் என்றுதான் ஆகும். யார் பெயருக்கு எழுதினோமோ அவர் அதை இன்னொருவருக்கு மாற்றி எழுதிக் கொடுக்க இடம் இருக்கும். ‘அக்கவுண்ட் பேயீ’ என்று எழுதிவிட்டால், பெயர் குறிக்கப்பட்டவரின் கணக்கில்தான் வங்கி வரவு வைக்க வேண்டும்.

சேலம் வழக்கு சொல்லும் பாடம்

நம் பில்களின் அடியில் ‘சப்ஜெக்ட் டு மதுரை ஜூரிஸ்டிக்‌ஷன் ஒன்லி’ என்று அச்சிட்டிருப்போம். தகராறு வந்தால் மதுரை நீதிமன்றத்தில் மட்டுமே வழக்குப் போட வேண்டும் என்பது பொருள். பக்கத்துக் கடை பில்லைப் பார்த்து அச்சகத்தார் தானாகப் போட்டுத் தரும் வரி இது. இதில் உள்ள ‘ஒன்லி’ எவ்வளவு கனமானது என்பதைச் சேலத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு காட்டுகிறது.

சேலத்தில் மெட்டாலிக் நூல் வியாபாரம் செய்த ஒரு நிறுவனம், குஜராத்தில் உள்ள தயாரிப்பாளரிடம் நூலுக்கு ஒப்பந்தம் செய்தது. தகராறு ஏற்பட்டது. சேலம் வியாபாரி சேலம் சார்பு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். ஒப்பந்தத்திலோ, இந்த விற்பனையில் எழும் தகராறு ‘கைரா ஜூரிஸ்டிக்‌ஷன்’ என்னும் அதிகார எல்லைக்கு உட்பட்டது என்று ஒரு வாசகம் இருந்தது. கைரா என்பது இன்று கேடா என்று அழைக்கப்படும் குஜராத் மாவட்டம். ‘இங்கே வழக்குப் போட முடியாது, குஜராத்துக்கு வாருங்கள்’ என்றார் தயாரிப்பாளர். கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது. சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1989இல் தீர்ப்பு வந்தது. ஏ.பி.சி. லாமினார்ட் வழக்கு என்று வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக் காட்டும் தீர்ப்பு அது.

உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்தை வரி வரியாகப் பார்த்தது. கைரா என்று எழுதியிருக்கிறது. ஆனால் ‘ஒன்லி’, ‘அலோன்’, ‘எக்ஸ்க்ளூஸிவ்’ போன்று மற்ற ஊர்களை விலக்கும் சொல் எதுவும் இல்லை. ஆகவே சட்டப்படி அதிகாரம் உள்ள மற்ற நீதிமன்றங்களை அந்த வாசகம் தெளிவாக விலக்கவில்லை, சேலத்திலும் வழக்கு நடக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பது அல்ல அங்கே கேள்வி. எந்த ஊரில் வழக்கை விசாரிப்பது என்ற ஒன்றுக்காகவே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தது.

பிறகு 2013இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. அங்கே கொல்கத்தா நீதிமன்றங்கள் என்று ஒப்பந்தத்தில் இருந்தது, ‘ஒன்லி’ இல்லை. அந்தச் சொல் இல்லாததால் மட்டும் மற்ற ஊர்களுக்கு வழி திறந்துவிடாது, ஓர் ஊரைப் பெயர் சொல்லிக் குறித்ததே மற்றவற்றை விலக்கும் எண்ணத்தைக் காட்டலாம் என்று நீதிமன்றம் கூறி, கொல்கத்தாதான் என்று முடிவு செய்தது.

அப்படியானால் ‘ஒன்லி’ தேவையில்லை என்று ஆகிவிடுமா? இந்த இரண்டாவது வியாபாரியும் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அந்தப் பதிலைப் பெற முடிந்தது என்பதைக் கவனியுங்கள். நான்கு எழுத்துச் சொல் ஒன்றை எழுதியிருந்தால் எண்ணம் என்ன என்று யாரும் தேட வேண்டியிருந்திருக்காது. எனவே நாம் அச்சடிக்கும்போது ‘ஒன்லி’யை விடக் கூடாது. பிறர் அனுப்பும் ஒப்பந்தத்தில் அது இருந்தால் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. குவஹாத்தி வியாபாரியின் தாளில் ‘குவஹாத்தி ஒன்லி’ என்று இருந்து நாம் கையெழுத்திட்டால், பாக்கி வசூலுக்கு ரயில் ஏற வேண்டியவர் நாமே.

இன்னொன்று. ஒப்பந்தத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஊரை நாமாக எழுதி, அந்த ஊர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தர முடியாது. சட்டப்படி அதிகாரம் உள்ள ஊர்கள் இரண்டு, மூன்று இருந்தால் அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம், அவ்வளவே. பெரிய ஒப்பந்தங்களை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

நிபந்தனை எழுதும்போது

‘இஃப்’ வேறு, ‘ஒன்லி இஃப்’ வேறு. ‘வீ வில் ஸெண்ட் தி கூட்ஸ் இஃப் யூ பே தி அட்வான்ஸ்’ என்றால் ‘முன்பணம் கொடுத்தால் சரக்கு அனுப்புவோம்’. கொடுக்காவிட்டால் என்ன என்பது சொல்லப்படவில்லை. ‘ஒன்லி இஃப் யூ பே தி அட்வான்ஸ்’ என்றால் ‘முன்பணம் கொடுத்தால்தான்’. கதவு மூடிவிட்டது. இதைத் திருப்பிப் போட்டு ‘இஃப் ஒன்லி’ என்று எழுதக் கூடாது. அது ‘அப்படி நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்’ என்று ஏங்கும்போது வருவது; வியாபாரக் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை.

வாக்கியத்தை ‘ஒன்லி ஆஃப்டர் பேமெண்ட்’ என்று தொடங்கினால், பின்னால் ‘வீ வில்’ வராது. ‘வில் வீ’ என்று திரும்பிக்கொள்ளும். இந்தச் சிக்கலே வேண்டாமென்றால் கடைசியில் வைத்துவிடுங்கள்: ‘வீ வில் ஸெண்ட் தி கூட்ஸ் ஒன்லி ஆஃப்டர் பேமெண்ட்.’

விலை சொல்லும்போது பயன்படுவது ‘நாட் ஒன்லி... பட் ஆல்ஸோ’. ‘அவர் ரேட் இன்க்ளூட்ஸ் நாட் ஒன்லி லாரி ஃபிரெய்ட் பட் ஆல்ஸோ அன்லோடிங்.’ லாரி வாடகை மட்டுமல்ல, இறக்குக்கூலியும் எங்கள் விலையில் அடங்கும் என்பது பொருள். ‘நாட் ஒன்லி’க்குப் பின் வரும் சொல்லும் ‘பட் ஆல்ஸோ’வுக்குப் பின் வரும் சொல்லும் ஒரே இனமாக இருக்க வேண்டும்: வாடகைக்கு எதிரே கூலி.

மரியாதை குறையாமல்

எண்ணுக்கு முன்னால் ‘ஒன்லி’ வந்தால் ‘இவ்வளவு குறைவாகவா’ என்ற தொனி ஏறிவிடும். விளம்பரத்தில் ‘ஒன்லி 499’ என்பது ‘வெறும் 499 ரூபாய்தான்’ என்று வாங்குபவரை அழைக்கிறது. பாக்கிக் கடிதத்தில் ‘யூ ஹாவ் பெய்ட் ஒன்லி ஃபார்ட்டி தௌசண்ட்’ என்று எழுதினால், ‘நாற்பதாயிரம்தான் கொடுத்திருக்கிறீர்கள்’ என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும். நெடுநாள் வாடிக்கையாளருக்கு எழுதும்போது அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, ‘வீ ஹாவ் ரிசீவ்ட் ரூபீஸ் ஃபார்ட்டி தௌசண்ட்’ என்று வரவை ஒரு வாக்கியத்திலும், மீதியை அடுத்த வாக்கியத்திலும் எழுதுங்கள். கணக்கு அதேதான், மனம் நோகாது.

சரக்குக் குறைந்து வந்தால் கதை வேறு. அங்கே குறையைச் சொல்லத்தான் வேண்டும்: ‘அவுட் ஆஃப் ஃபிஃப்டி பேக்ஸ், ஒன்லி ஃபார்ட்டிசெவன் வேர் ரிசீவ்ட்.’ ஐம்பதில் நாற்பத்தேழுதான் வந்தது என்று ஐயமில்லாமல் நிற்கும்.

பயிற்சி

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு விடையைப் பாருங்கள். கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பாருங்கள்.

1. எங்களிடம் பத்துப் பெட்டிதான் இருக்கிறது.
2. இது அசல் சரக்குதான்.
3. லாரி இன்று காலைதான் கிளம்பியது.
4. கடைகளுக்கு மட்டுமே விற்கிறோம்.
5. உங்கள் மேனேஜர்தான் ஆர்டர் கொடுத்தார்.
6. பில் வந்தால்தான் பணம் அனுப்புவோம்.

விடைகள்:

1. ‘வீ ஹாவ் ஒன்லி டென் பாக்ஸஸ்.’
2. ‘திஸ் இஸ் ஜென்யூன் ஸ்டாக்.’ உறுதி சொல்லும் ‘தான்’, ‘ஒன்லி’ வேண்டாம்.
3. ‘தி லாரி லெஃப்ட் ஒன்லி திஸ் மார்னிங்.’
4. ‘வீ ஸெல் ஒன்லி டு ஷாப்ஸ்.’ பலகையில் எழுதுவதானால் ‘ஃபார் ஷாப்ஸ் ஒன்லி’.
5. ‘இட் வாஸ் யுவர் மேனேஜர் ஹூ பிளேஸ்ட் தி ஆர்டர்.’
6. ‘வீ வில் ஸெண்ட் தி மனி ஒன்லி இஃப் வீ ரிசீவ் தி பில்.’

அடுத்த முறை பில் புத்தகமோ, கடைப் பலகையோ, விலைப்பட்டியலோ அச்சுக்குக் கொடுக்கும் முன், அதில் உள்ள ஒவ்வொரு ‘ஒன்லி’யின் மேலும் விரலை வைத்து, ‘இது எந்தச் சொல்லுக்கு வேலி?’ என்று கேளுங்கள். விடை உடனே வந்தால் அச்சடிக்கலாம். வராவிட்டால், சொல்லை நகர்த்திவிட்டுப் பிறகு அச்சடிக்கக் கொடுங்கள்.